பத்து இலட்சத்தை எதில் போடுவது: வாசிகசாலையா, டெப்பா, புத்தகப் பெட்டியா?

இலங்கையின் வன்னியில், இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள எங்கள் ஊரின் சனசமூக நிலையத்துக்குக் கடந்த மாசியில் ஒரு கடிதம் வந்தது. ஊரை விட்டுக் கனடாவில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒருவர், தன் தகப்பனாரின் நினைவாகப் பத்து இலட்சம் ரூபாய் தர விரும்புவதாக எழுதியிருந்தார். அந்தப் பணம் கோயிலுக்கோ மைதானத்துக்கோ போகாமல், ஊர்ப் பிள்ளைகள் வாசிக்கவும் வாசித்ததைக் கொண்டு யோசிக்கப் பழகவும் உதவ வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. நிர்வாக சபைக் கூட்டத்தில் நான்கு யோசனைகள் எழுந்தன: பழைய வாசிகசாலையைத் திருத்திப் புத்தகங்களால் நிரப்புவது, பிள்ளைகளுக்கு டெப் எனப்படும் கைக்கணினி வாங்கிக் கொடுப்பது, புத்தகப் பெட்டிகளை வீதி வீதியாகச் சுற்றவிடுவது, வீட்டுக்கு இத்தனை என்று புத்தகங்களைப் பகிர்ந்து கொடுத்துவிடுவது. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாகப் பேச ஆளிருந்தது. ஆரம்பப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் கற்பித்தவள் என்பதால், நான்கையும் ஒப்பிட்டு எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. சபைக்காக எழுதிய அறிக்கையைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்; வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வேறு ஊர்களிலும் இதே கேள்வி எழுவதை அறிவேன்.

எத்தனை புத்தகம் வாங்கினோம், எத்தனை பிள்ளைக்குக் கொடுத்தோம் என்று எண்ணுவது எளிது. கடிதம் கேட்டதோ யோசிக்கப் பழகுவதை. ஆகவே வாசிப்பு மனிதரின் சிந்தனையை உண்மையில் எப்படி மாற்றுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த நான்கில் எதையும் எடைபோட முடியாது.

சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931, 1932ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானின் கிராமங்களுக்குச் சென்று, எழுத்தறியாத விவசாயிகளிடமும் சிறிது காலம் படித்தவர்களிடமும் சில கேள்விகளைக் கேட்டார். பனி பெய்யும் தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை நிறம். நோவயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்குள்ள கரடிகள் என்ன நிறம்? தாங்கள் அங்கே போனதில்லை, போய்க் கண்டவரைத்தான் கேட்க வேண்டும் என்ற வகையிலேயே எழுத்தறியாதவர்கள் பலரும் பதில் சொன்னார்கள். கொஞ்சக் காலமே படித்தவர்கள் கூட, சொல்லப்பட்ட இரண்டு வாக்கியங்களிலிருந்து மூன்றாவதை எடுத்துச் சொன்னார்கள். முதலாவது பதிலை நான் குறைவாக நினைக்கவில்லை. காணாததைக் கண்டதாகச் சொல்ல மறுக்கும் நேர்மை அதில் இருக்கிறது. காட்டுக்குத் தேன் எடுக்கப் போகும் எங்கள் ஊர்ப் பெரியவர்களிடமும் அதே நேர்மையைப் பார்த்திருக்கிறேன். ஆயினும், கண்ணெதிரே இல்லாத ஒன்றைச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு கணித்து, அது சரிதானா என்று சோதித்துப் பார்க்கும் பழக்கம் இன்றைய வாழ்வுக்குத் தேவைப்படுகிறது. போருக்குப் பிறகு வன்னிக்குள் நுழைந்த நுண்நிதிக் கடன்களில் கையெழுத்திட்ட பெண்களை நினைத்துக்கொள்கிறேன். வாரத்துக்கு இவ்வளவு என்று வாயால் சொல்லப்பட்டதை அவர்கள் நம்பினார்கள். தாளில் எழுதியிருந்ததைக் கூட்டிப் பார்த்து, முழுக் கடனும் தீரும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்போம் என்று கேட்டவர்கள், எனக்குத் தெரிந்தவர்களில் மிகச் சிலரே.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நான் குறிப்பிடும் அந்தப் பெண்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். எழுத்து தெரிந்திருந்தும் அது அந்த வேளையில் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. ஏன் என்பதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி, மேற்கு ஆபிரிக்காவின் லைபீரியாவில் சில்வியா ஸ்கிரிப்னர், மைக்கேல் கோல் என்ற இரு உளவியலாளர்கள் செய்து 1981இல் வெளியிட்ட ஆய்வில் கிடைக்கிறது. அங்குள்ள வை இன மக்களுக்குச் சொந்தமாக ஓர் எழுத்து முறை உண்டு. பள்ளிக்கூடம் போகாமலே பெரியவர்களிடம் அதைக் கற்று, ஒருவருக்கொருவர் கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் பயன்படுத்துவார்கள். எழுத்து தெரிந்திருப்பதனால் மட்டும் ஒருவரின் சிந்தனைத் திறன் எல்லாத் திசையிலும் உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. கடிதம் எழுதிப் பழகியவர்கள், ஒரு விளையாட்டின் விதிகளை அதை அறியாத ஒருவருக்கு விளங்கும்படி சொல்வதில் சிறந்து விளங்கினார்கள். தர்க்கக் கேள்விகளுக்குக் காரணம் சொல்லும் திறன் பள்ளிக்கூடம் போனவர்களிடமே கூடுதலாக இருந்தது. எழுத்தை வைத்து எதைச் செய்து பழகினார்களோ அந்தத் திறன் வளர்ந்திருந்தது. என் அளவுகோலை இதிலிருந்தே எடுத்துக்கொண்டேன்: நான்கு வழிகளில் எந்த வழி எங்கள் பிள்ளைகளை வாசிக்கவும், வாசித்ததைப் பற்றிக் கேட்கவும், விளங்கியதை இன்னொருவருக்குச் சொல்லவும் வைக்கும்?

எந்தப் புத்தகம் என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். சில ஆண்டுகளுக்கு முன் தரம் 4 வகுப்பில் குளமும் வயலும் பற்றிய ஒரு பகுதியை வாசிக்கச் சொன்னேன். வகுப்பில் முதலாவதாக வரும் மாணவன் மடமடவென்று வாசித்து முடித்தான். குளத்து நீரைத் திறந்துவிடும் மதகான துருசை ஏன் பூட்டினார்கள் என்று கேட்டபோது புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசி வாங்கிலில் இருந்த, எழுத்துக் கூட்டி வாசிக்கும் இன்னொரு பையன் கையை உயர்த்தி, “ரீச்சர், வயல் காயாட்டி வெட்டுற மிசின் புதைஞ்சு போம். அதுக்குத்தான் பூட்டுறவை” என்றான். அவனுடைய தகப்பன் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் வேலை செய்கிறவர். அன்று எனக்கு வியப்பாக இருந்த இந்த விடயத்தை, அமெரிக்காவில் டொனா ரெக்ட், லோரன் லெஸ்லி என்ற இருவர் 1988இலேயே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். பேஸ்போல் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை மாணவர்களுக்கு வாசிக்கக் கொடுத்தபோது, நன்றாக வாசிக்கக்கூடிய ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை விட, வாசிப்பில் பின்தங்கிய ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள் அதை நன்றாக விளங்கிக்கொண்டார்கள். விளங்குவதற்கு ஏற்கெனவே சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவு பல துறைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதற்கு வாசிப்பே மலிவான வழி. ஆகவே நீதிக் கதைகளை மட்டும் அடுக்கிவைக்காமல் பறவை, மண், இயந்திரம், வரலாறு, நோய், வானம் என்று விரிந்த தொகுதி வேண்டும். பிள்ளை தன் மண்ணையும் அதில் காண வேண்டும். 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ வன்னியின் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட நாவல். பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று அதை வாசிக்கும்போது, தனக்குத் தெரிந்த காடும் குளமும் ஒருவரால் எழுதப்படக்கூடியவை என்பதை முதன்முதலாக உணரும். அதை நான் முகத்திலேயே கண்டிருக்கிறேன்.

இனி யோசனைகளுக்கு வருகிறேன்.

டெப் என்ற யோசனையை முன்வைத்தவர்கள் இளைஞர்கள். அவர்களுடைய வாதம் இலேசில் தள்ளக்கூடியதல்ல. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் இதழ்களும் பத்திரிகைகளும் பெருந்தொகையாக, எவரும் காசு கொடுக்காமல் வாசிக்கும்படி கிடக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்துபோனதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, ஒரே இடத்தில் வைத்து எரிக்க முடியாத நூலகம் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் கணக்கில் இருபது டெப் வரை வாங்கலாம். இருந்தாலும் பெருவில் நடந்ததைப் படித்த பின் என் மனம் மாறியது. பிள்ளைக்கு ஒன்று என்ற கணக்கில் மடிக்கணினி கொடுத்த திட்டத்தை, அந்நாட்டின் 319 கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளில் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு கணினியிலும் ஏறத்தாழ 200 நூல்கள் ஏற்றப்பட்டிருந்தன. அந்தப் பகுதிகளில் கணினி கிடைக்காத பிள்ளைகளில் கால்வாசிப் பேரின் வீட்டில்தான் ஐந்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் இருந்தன. ஓராண்டுக்கு மேல் கழிந்து பார்த்தபோது, கணிதத்திலும் மொழியிலும் மாற்றம் தென்படவில்லை. வாசிப்புப் பழக்கமும் கூடவில்லை. பொதுவான அறிதிறன் சோதனைகள் சிலவற்றில் மட்டும் சிறு முன்னேற்றம் இருந்தது. இருநூறு நூல்கள் கைக்குள்ளேயே இருந்தும் திறக்கப்படவில்லை என்பது எனக்குப் பெரிய பாடமாக இருந்தது.

திரையில் வாசிப்பதற்கும் தாளில் வாசிப்பதற்கும் உள்ள வேறுபாடும் உண்டு. 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளை, 1,70,000க்கும் மேற்பட்டவர்களின் பெறுபேறுகளோடு சேர்த்துப் பார்த்து 2018இல் பாப்லோ டெல்காடோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையின்படி, தாளில் வாசித்தவர்கள் கூடுதலாக விளங்கிக்கொள்கிறார்கள். கதைகளைப் பொறுத்தவரை வேறுபாடு தெரியவில்லை. தகவல் தரும் பகுதிகளிலும், குறித்த நேரத்துக்குள் வாசிக்க வேண்டியபோதும்தான் தாள் முந்துகிறது. எங்கள் பிள்ளைகளுக்குக் குறைவாக இருப்பது அந்தத் தகவல் வாசிப்புத்தான். பாட்டரி தளர்வதும், டேற்றா தீர்வதும், விளையாட்டு உள்ளே புகுவதும் எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்த கதை. அவற்றை நான் விரிக்கவில்லை. ஆனால் டெப் ஒன்று வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு பெரியவரின் கையில், பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு மின்னூலகத்தில் தேடிப் பார்ப்பதற்கு ஒன்று போதும்.

வீட்டுக்கு வீடு புத்தகம் கொடுப்பது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 27 நாடுகளில் 70,000க்கும் மேற்பட்டவர்களின் விபரங்களைக் கொண்டு 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ ஐந்நூறு புத்தகங்கள் உள்ள வீட்டில் வளர்ந்தவர்கள், புத்தகமே இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களை விடச் சராசரியாக மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகப் படித்திருந்ததைக் காட்டியது. பெற்றோரின் கல்வியையும் தொழிலையும் கழித்துப் பார்த்தாலும் வேறுபாடு நின்றது. இதைச் சபையில் ஒருவர் அழுத்திச் சொன்னார். ஆனால் அந்த வீடுகளில் புத்தகங்களைச் சேர்த்தவர்கள் அவற்றை வாசித்துப் பேசியவர்களாகவும் இருந்திருப்பார்கள். எங்கள் பணத்தைப் பகிர்ந்தால் வீட்டுக்கு நான்கு அல்லது ஐந்து புத்தகங்கள் வரும். அவை சாமிப்படத் தட்டுக்குப் பக்கத்தில் மரியாதையாக ஏறி அங்கேயே இருந்துவிடும். இந்த யோசனையை நான் முதலில் நீக்கினேன்.

வாசிகசாலையை நீக்குவதுதான் கடினமாக இருந்தது. சிறுமியாக இருந்தபோது நான் வாசிக்கப் பழகியது அங்கேதான். நீளமான மேசை, இருபுறமும் வாங்கில்கள், நடுவில் பத்திரிகையின் பக்கங்களைப் பிரித்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு வாசிக்கும் ஆட்கள். முன்பக்கத்தை வைத்திருப்பவர் முடிக்கும் வரை அடுத்தவர் காத்திருப்பார். காத்திருக்கும்போது பேச்சு தொடங்கும். 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அருமையாகிவிட்ட காலத்திலும், ஜாம் போத்தல் விளக்கை மேசை நடுவில் வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாசிகசாலையின் திறப்பு அந்த நாட்களில், இன்று பணம் தர முன்வந்திருப்பவரின் தகப்பனாரிடம்தான் இருந்தது. 2008இன் இறுதியில் ஊரே எழுந்து கிழக்கே போனபோது அந்தக் கட்டடத்தைப் பூட்டிவிட்டுத்தான் போனார்.

மீள்குடியேறி வந்தபோது கூரைத் தகரம் இருக்கவில்லை. மர அலுமாரி ஒன்று மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றது. உள்ளே புத்தகங்கள் வரிசையாக, முதுகுப்புறம் வெளியே தெரிய, வைத்தது வைத்தபடி இருந்தன. ஒன்றை இழுத்தேன். முதுகு மட்டும் கையோடு வந்தது. பின்னால் புத்தகம் இருந்த இடத்தில் புத்தகத்தின் வடிவிலேயே காய்ந்த மண் இருந்தது. கறையான் உள்ளே இருந்து தின்று, தின்ற இடத்தை மண்ணால் அடைத்திருந்தது. அடுத்ததும் அப்படியே. அந்த வரிசையில் ஒரே ஒரு அகராதி, உறை தடித்ததனாலோ என்னவோ, ‘ப’ வரிசையிலிருந்து தப்பியிருந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆகவே வாசிகசாலைக்காக மனம் ஏங்குகிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. கூரை, நிலம், யன்னல், மின்னிணைப்பு, கறையான் ஏறாத இரும்பு அலுமாரி என்று மேசன் தந்த மதிப்பீட்டிலேயே ஏழரை இலட்சம் போய்விடும். மீதியில் புத்தகம் வாங்கலாம். திறந்துவைத்துப் பூட்டுவதற்கு ஆளுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. வாய்க்கால் ஓரமாக நீண்டு கிடக்கும் எங்கள் ஊரின் கடைசி வீட்டிலிருந்து கட்டடத்துக்கு மூன்று கிலோமீற்றருக்கு மேல் வரும். பொழுதுபட்ட பின் பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்பமாட்டார்கள். 2018 மார்கழி வெள்ளத்தில் அந்த வீதி முழங்கால் அளவு நீரில் கிடந்ததும் மறக்கவில்லை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னியில் வெளிநாட்டுப் பணத்தில் எழுந்து, திறப்புவிழாப் பலகையோடு பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இன்னொன்றை அதோடு சேர்க்க என் மனம் ஒப்பவில்லை.

புத்தகப் பெட்டி என்ற யோசனைக்குத் தமிழ் நிலத்திலேயே நல்ல முன்னோடி உண்டு. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதி வெளியிட்டது 1931இல். நூல்கள் பயன்பாட்டுக்கானவை என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அடுத்த இரண்டு. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி ஒன்றில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். எங்கள் ஊரின் நீளத்துக்கு இந்த முறை பொருந்துகிறது: நான்கு தகரப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் நூறு புத்தகங்கள், மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாய்க்கால் வீதியிலிருந்து அடுத்ததற்கு. மழையில் நனையாது, கறையான் ஏறாது, வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு போகலாம். தூக்கிக்கொண்டு போகக்கூடியதா என்று பார்த்தே எந்தப் பொருளையும் வாங்கும் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு இன்னும் போகவில்லை.

இங்கேயும் ஒரு தடை இருக்கிறது. கர்நாடகாவில் ஆரம்பப் பாடசாலைகளுக்கான நூலகத் திட்டம் ஒன்றைச் சோதித்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. சில பாடசாலைகளில் நூலகமே அமைக்கப்பட்டது. வேறு சிலவற்றுக்கு நூலகர் புத்தகங்களோடு வந்து போனார். பதினாறு மாதங்களுக்குப் பின் மொழித் திறனைச் சோதித்தபோது, நூலகம் அமைந்த பாடசாலைகளில் எந்த மாற்றமும் இல்லை. நூலகர் வந்துபோன பாடசாலைகளில் புள்ளிகள் சற்றுக் குறைந்திருந்தன. புத்தகத்தை உயிராக நினைக்கும் எவருக்கும் இது கசப்பான செய்தி. இரண்டு நாட்கள் இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று கூட யோசித்தேன். ஆனால் பிள்ளைகளிடம் காரணம் கேட்கச் சொல்லும் நான், எனக்குப் பிடிக்காத ஆதாரத்தை ஒளித்துவைக்க முடியாது.

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்கிறது பிலிப்பைன்ஸில் தார்லாக் மாகாணத்தின் 100 பாடசாலைகளில் நடந்த இன்னொரு சோதனை. தரம் 4 பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற கதைப்புத்தகங்களைக் கொடுத்தார்கள். அதோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 31 நாட்கள் வகுப்பில் தினமும் வாசிப்புக்கென்று நேரம் ஒதுக்கி, கதையைச் சுற்றிய விளையாட்டுகளையும் உரையாடலையும் நடத்தினார்கள். பிள்ளைகளின் வாசிப்புத் திறன் உயர்ந்தது. மூன்று மாதங்களுக்குப் பின் அந்த உயர்வு பாதியளவு குறைந்திருந்தாலும் முற்றாக மறையவில்லை. பாடசாலைக்கு வெளியேயும் கூடுதலாக வாசித்தார்கள். பெரு, கர்நாடகா, தார்லாக் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். மூன்று இடங்களிலும் பிள்ளைகளுக்கு நூல்கள் கிடைத்தன. நாள்தோறும் ஒதுக்கிய நேரமும், அந்த நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கப் பழக்கப்பட்ட ஓர் ஆளும் இருந்ததாக நான் அறிவது கடைசி இடத்தில் மட்டுமே. மூன்று நாடுகளின் சூழலும் வேறு என்பதால் இதை முடிந்த முடிவாகச் சொல்லமாட்டேன். ஆனால் பத்து இலட்சத்தை ஒரு பக்கம் சாய்க்க இது எனக்குப் போதும்.

உண்மையில் எங்களுக்கு இது புதிய விடயமே இல்லை. கோயிலில் கந்தபுராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் பாட்டை இசையோடு வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பயன் சொல்வார். பயன் சொல்பவர் சொல்லைப் பிரித்து, பொருள் விரித்து, ஊரில் நடந்த ஒன்றையும் இடையில் கொண்டுவந்து பொருத்துவார். கேட்டுக்கொண்டிருக்கும் கிழவிகளில் ஒருத்தி, “ஐயா, அப்ப சூரன்ர தாய் சொன்னது பிழையோ?” என்று கேட்பாள். எழுத்தறியாத என் பாட்டிக்குக் கந்தபுராணத்தில் நியாயம் பேசத் தெரிந்தது இப்படித்தான். வாசிப்பவர், பயன் சொல்பவர், கேட்பவர் என்ற அந்த மூவர் அமைப்பைப் பிள்ளைகளுக்கு உரிய புத்தகங்களோடு நடத்த முடியும் என்று நம்புகிறேன்.

நம்புவதற்குக் காரணம் ஒன்று என் வாழ்விலேயே உண்டு. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்தில் இருந்தபோது எங்களிடம் வாசிக்க எதுவும் இருக்கவில்லை. ஒருநாள் கச்சான் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டு ஒன்று அப்பாவின் கைக்கு வந்தது. தலைப்பும் இல்லை, முடிவும் இல்லை; எங்கோ ஒரு நாட்டில் ஆற்றுநீரைப் பங்கிடுவது பற்றிய செய்தியின் நடுப்பகுதி. அப்பா அதை விரித்துத் தடவி, பக்கத்துக் கூடாரத்தாருக்கும் கேட்கும்படி வாசித்தார். எந்த நாடு, யார் பக்கம் நியாயம், அடுத்து என்ன எழுதியிருப்பார்கள் என்று எட்டுப் பேர் இருட்டும் வரை வாதாடினார்கள். சிறுபோகத்தில் எவ்வளவு ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கும் குளக்கூட்டங்களில் இருந்து பழகியவர்கள் என்பதால், தண்ணீர்ப் பங்கீடு அவர்களுக்குத் தெரிந்த விடயம். பல வாரங்களுக்குப் பின் அன்றுதான் அப்பாவின் குரலை அப்பாவின் குரலாகக் கேட்டேன்.

என் சிபாரிசு இது. பணத்தின் பெரும்பகுதியை ஒரு மனிதருக்கும் ஒரு நேரத்துக்கும் ஒதுக்க வேண்டும். உயர்தரம் முடித்து ஊரில் இருக்கும் ஒருவருக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் கொடுப்பனவு. ஐந்து ஆண்டுகளுக்கு ஆறு இலட்சம். புத்தகங்களுக்கு இரண்டரை இலட்சம், அதையும் ஒரே நாளில் செலவழிக்காமல் ஆண்டுக்கு ஐம்பதாயிரமாகப் பிரித்து; பிள்ளைகள் எதை விரும்புகிறார்கள் என்பதைக் கண்டறிந்தபின் வாங்குவதற்கு இடம் வைக்க வேண்டும். நான்கு தகரப் பெட்டிகளுக்கும் ஓர் இரும்பு அலுமாரிக்கும் எழுபத்தையாயிரம். ஒரு டெப், அதற்கான டேற்றா, கொப்பி பேனைகள் எல்லாமாக இன்னொரு எழுபத்தையாயிரம். கட்டடத்துக்கு ஒரு சதமும் இல்லை. முன்மண்டபத்தைச் சிரமதானத்தில் துப்புரவாக்கி, மழையில்லாத நாட்களில் பயன்படுத்தலாம். மற்ற நாட்களில் பெட்டி இருக்கும் வீதியில் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணை போதும். வாரத்தில் நான்கு பின்னேரங்கள், பொழுதுபடுவதற்கு முன் ஒரு மணித்தியாலம்.

இதில் உள்ள பலவீனங்களைச் சபை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். கட்டடம் கட்டினால் அது நிற்கும். ஆளுக்குக் கொடுத்த பணம் ஐந்து ஆண்டுகளில் தீர்ந்துவிடும். வருகிறவர் கல்யாணம் கட்டியோ வேலை கிடைத்தோ போய்விட்டால், இன்னொருவரைப் பழக்கி எடுக்க மாதங்கள் செல்லும். அதனால் தொடக்கத்திலிருந்தே இருவரைப் பழக்க வேண்டும், கொடுப்பனவு ஒருவருக்கு என்றாலும். நினைவுப் பலகை வைக்க ஒரு சுவர் கூட இருக்காது என்பதையும் கனடாவில் இருப்பவருக்கு மறைக்காமல் எழுத வேண்டும்.

பெற்றோரிடமிருந்து வரும் எதிர்ப்பு வேறு. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு ரியூசன் நேரத்தில் கதைப்புத்தகம் எதற்கு என்று கேட்பார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களுக்குப் பரீட்சைப் பெறுபேறு ஒன்றுதான் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய காணி. துருசுக் கதையையே அவர்களுக்குச் சொல்வேன். கடந்தகால வினாத்தாள்களை நூறு தடவை செய்த பிள்ளை, புதிதாக ஒரு பந்தியைக் கொடுத்து ஏன் என்று கேட்டால் தடுமாறுவதை அவர்களே வீட்டில் பார்த்திருப்பார்கள்.

சபை வரும் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. வெறும் கடதாசி வாதத்தோடு போகக்கூடாது என்பதற்காக, என்னிடம் இருந்த முப்பது புத்தகங்களோடு மூன்று சனிக்கிழமைகள் வேப்பமரத்தடியில் பதினொரு பிள்ளைகளை இருத்திப் பார்த்தேன். ஒருவர் வாசிப்பார், ஒருவர் பயன் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். பதில் கிடைக்காத கேள்வியை ஒரு கொப்பியில் எழுதிவைப்போம். இதுவரை பதினேழு கேள்விகள் அதில் விழுந்திருக்கின்றன. தப்பிய அகராதியைக் காட்டி அலுமாரிக் கதையைச் சொன்ன அன்று, தரம் 3 பிள்ளை ஒன்று தன் கையாலேயே எழுதியது பதினான்காவது: “கறையான் எழுத்தையும் திண்டு போடுமா, இல்லாட்டி பேப்பரை மட்டுமா?” மையில் என்ன இருக்கிறது, கறையான் எதைச் செரிக்கிறது என்று சொல்லும் புத்தகம் என் முப்பதில் இல்லை. வாங்க வேண்டியவற்றின் பட்டியலில் பூச்சிகளைப் பற்றிய ஒரு நூலை முதலாவதாக எழுதியிருக்கிறேன்.